நோன்பு மாதத்தில் செய்த சுங்கான் தண்டுகள்

புகையிலை அடைத்துப் புகைக்கிற சுங்கானுக்கு நீளமான தண்டு செய்வதுதான் கல்முனையில் என் தொழில். நான் புகைப்பதில்லை, வெளிநாட்டுக்காரர் கேட்கிறார்கள், கருங்காலியில் கடைந்து கொடுக்கிறேன். வடிவம் வரைவது லேசு. நீளத்துக்கு ஓட்டை போட்டபின், காற்று சுகமாக வருகிறதா என்று வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நோன்பில் அது முடியாது. மரத்தூள் தொண்டைக்குள் போனால் நோன்பு போய்விடும். அதனால் போன நோன்பில் ஒருநாள், என்னோடு வேலை செய்யும், நோன்பில்லாத காரைதீவுத் தவராசாவிடம் ஒரு தண்டை இழுத்துப் பார்க்கக் கொடுத்தேன்.

இழுத்துவிட்டு, "இறுக்கமாக் கிடக்கு மச்சான்" என்றான்.

ஓட்டையைப் பெருப்பித்தேன். மறுபடியும் இறுக்கம் என்றான். அடுத்த தண்டும் அப்படியே. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒழுங்கா இழு மச்சான்!"

"இழுக்கிறன்தானே!"

அன்று செய்த அத்தனையையும் குடைந்து தள்ளினேன். ஒன்று வெடித்தே போனது.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, ஒரு தண்டை வாயில் வைத்தேன். காற்று அளவுக்கு மிஞ்சிக் குபுகுபுவென்று வந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படித்தான்.

திரும்பிப் பார்த்தேன். மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்த தவராசா தும்புத்தடியில் சாய்ந்து, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம் மச்சான்."

"எனக்கென்ன? உன்ட தண்டுதான் இறுக்கம்."

எத்தனை தரம் கூப்பிட்டாலும் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறான். இப்போது தண்டுகளை நானே இழுத்துப் பார்க்கிறேன், அவன் காணாத பக்கம் திரும்பி நின்று.