மூன்றாவது கட்டம்

தனபாலிடம் "அந்தக் கணக்கு எப்பங்க முடியும்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கோபப்பட மாட்டார். உட்கார வைத்து விளக்குவார். அதுதான் பயம்.

சேவூர்க்காரர். திருப்பூர்ப் பக்கம் ஒரு கிளைச்சிறையில் எழுத்தர். எந்தச் சிறை என்பது வேண்டாம். ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரம் தயாரிப்பது அவர் தலையில் விழுந்த வேலை. எண்ணிப் போட்டால் தீர்ந்தது என்று நாம் நினைப்போம். பனியன் கம்பெனிக்கு வந்த பீகார்க்காரன் பெயரைக் காவல் நிலையம் ஒரு மாதிரி எழுதும், நீதிமன்றம் வேறு மாதிரி எழுதும். அவன் ஒருவனா, இருவரா? நடுவில் வேறு சிறைக்கு மாற்றப்பட்டவனை இங்கேயும் எண்ணுவார்கள், அங்கேயும் எண்ணுவார்கள். வயதுவாரியாகக் கூட்டினால் வருகிற தொகை, படிப்புவாரியாகக் கூட்டினால் ஒன்று குறையும். அந்த ஒருவனைக் கண்டுபிடித்த பிறகுதான் சென்னைக்குப் போகும். சென்னை கேள்வி கேட்டுத் திருப்பும். அதைத் தாண்டினால் டெல்லி கேட்கும். எல்லா மாநிலமும் இப்படித் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தால்தான் புத்தகமாக அச்சாகும். "எல்லாம் பழைய கணக்கு" என்று டீக்கடையில் பேப்பரைத் தட்டிப் பேசுகிற நம்மூர் அறிவாளிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை எல்லாம் கூடிவிட்டது, ஒரு பெயர் தவிர. வேல்குமார். நெருப்பெரிச்சல் ஊரில் துணி கட்டிங் வேலை பார்த்தவன். அடிதடி வழக்கில் உள்ளே வந்து, ஜாமீன் கிடைப்பதற்குள் இறந்துபோனான். படிவத்தில் இறப்புக்கு மூன்று கட்டங்கள் உண்டு: இயற்கை, இயற்கை அல்லாதது, காரணம் இன்னும் தெரியாதது. மாஜிஸ்திரேட் விசாரணை முடியவில்லை. ஆய்வக முடிவும் வரவில்லை. ஆனால் மூன்றாவது கட்டத்தில் போட்டால் மேலிருந்து கேள்விமேல் கேள்வி வரும். பதில் எழுதி மாளாது.

மேலதிகாரி பொறுமை இழந்தார். "ஏனுங்க தனபால், நெஞ்சு வலின்னுதானுங்க டாக்டர் மொதல்ல எழுதுனாரு? இயற்கைல போட்டு அனுப்பீருங்க. உங்களால எல்லாம் நிக்குது."

"இல்லீங்க சார். தெரியாதத தெரியும்னு எப்படீங்க எழுதறது?"

"அப்ப மெமோ வாங்கறதுக்குத் தயாரா இருங்க" என்று எழுந்து போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தார், வேல்குமாரின் தாய். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. மாதம் தவறாமல் வருவார். வந்தால் திட்டாமல் போக மாட்டார்.

"எம்மகன் எப்படிச் செத்தான்னு சொல்ல இம்புட்டு நாளாய்யா? எதையாச்சும் எழுதித் தொலைங்க. நடந்து நடந்து காலு தேஞ்சு போச்சு."

அந்த 'எதையாச்சும்' தனபாலுக்குச் சுருக்கென்று தைத்தது. விசாரணை, ஆய்வகம், கட்டம் என்று விளக்கோ விளக்கென்று விளக்கினார். ராமுத்தாய்க்கு ஒன்றும் ஏறவில்லை.

"உங்க கம்பெனில ஒரு பீஸு பாஸும் இல்ல, ரிஜெக்டும் இல்லைன்னா என்னங்கம்மா பண்ணுவீங்க?"

"தனியா எடுத்து வச்சு ஹோல்டு போடுவோம்."

"அதேதானுங்க. இப்ப நான் அவசரப்பட்டா உங்க பையன் இயற்கைன்னு பாஸ் ஆயிருவானுங்க. ஹோல்டு போட்டா மேல கேட்டுட்டே இருப்பாங்க. ரொம்ப நாளாகுமுங்க."

கன்டெய்னர் நிற்கிறது என்று முதலாளி கத்தியபோதும் சந்தேகப்பட்ட பீஸை விட்டுக்கொடுக்காதவர் ராமுத்தாய். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாஸ் பண்ணிப் பொட்டில அடைச்சுட்டா அப்புறம் எவனும் பிரிச்சுப் பாக்க மாட்டான் சார். எம்மகன ஹோல்டுலயே வைங்க."

தனபால் மூன்றாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதி அனுப்பினார். மெமோ வந்தது. 'ஏன் இன்னும் தெரியவில்லை?' என்று மேலிருந்து கேள்வியும் வந்தது. விசாரணை முடியவில்லை என்றே பதில் எழுதினார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே எழுதினார்.

அடுத்த மாதம் ராமுத்தாய் வந்தார். திட்டவில்லை.

"இன்னும் ஹோல்டுதான?"

"ஆமாங்கம்மா."

"விட்றாதீக" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.