காலி இருக்கைகளைத் தடவிப் பார்ப்பவர்

ஒருமுறை தவறு செய்து பயந்தவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதா, அந்தப் பயமே அறியாத வேறொருவரிடமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மலேசியாவில், கிள்ளானில் என் மகளின் பள்ளி வேனை ஓட்டுபவர் நரைத்த மீசைக்காரர். மதியம் கடைசியாக இறங்குபவள் அவள்தான். அதன் பிறகும் அவர் உள்ளே ஏறி, ஒவ்வோர் இருக்கையையும் கையால் தடவிப் பார்ப்பார்.

காரில் மறந்து விடப்பட்ட குழந்தை இறந்த செய்தி வந்த அன்று, "எல்லாரும் உங்கள மாதிரி பாத்தா நல்லாருக்கும் அங்கிள்" என்றேன்.

"நானும் ஒருநாள் பாக்காம பூட்டிட்டேன்மா. பின்னால ஒரு பிள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

"ஐயோ, அப்புறம்?"

"நல்ல வெயில் லா அன்னிக்கு" என்றவர், அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று சொல்லாமலே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைப் போல் கவனமானவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு நாளாக, மகளுக்குக் காய்ச்சல் என்று அவரிடம் பொய் சொல்லி, அவளை நானே பள்ளியில் விடுகிறேன். நாளை என்ன சொல்வது? பிள்ளை பெற்றவர்களே, நீங்களானால் அனுப்புவீர்களா?