எங்கள் அறைக்கு எத்தனை டன்

என் அத்தான் ஏசி விற்கும் கடையில் வேலை பார்த்தார். ஏசி கேட்டு வருபவர்களின் வீட்டுக்குப் போய், அறையை அளந்து, எத்தனை டன் வேண்டும் என்று சொல்வதுதான் அவர் வேலை. நீள அகலத்தோடு விடமாட்டார். வெயில் விழும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கடைசியாக, "இங்க எத்தனை பேரு படுப்பீங்க?" என்பார். மனுஷ உடம்பே ஒரு அடுப்பு என்பது அவர் கட்சி. பெரிதாகக் கேட்பவர்களிடம் சண்டைக்கே போவார். "பெரிசு வாங்கினா சட்டுனு குளிர்ந்து சட்டுனு நின்னுடும். ஈரம் அப்படியே தங்கிடும், சார்!"

அவர் வீட்டில் ஏசி இருந்தது ஓர் அறையில்தான். மேலே மொட்டை மாடி, பகலெல்லாம் காய்ந்து கிடக்கும். உள்ளே ஆறு பேர்: அத்தான், அக்கா, அவர்களின் மூன்று பிள்ளைகள், அப்போது வேலை தேடிக்கொண்டிருந்த நான். இரண்டு டன் போட்டார், கச்சிதமாக இருந்தது. யாராவது வெளியே போனால் போதும், ஐந்து குரலும் சேர்ந்து "கதவு!" என்று கத்தும். போர்வைக்கு இழுபறி, காலுக்கு மேல் கால். அத்தனை நெருக்கடியில் எப்படித்தான் அவ்வளவு நன்றாகத் தூங்கினோமோ! இன்று தனி அறையில் படுத்துப் புரளும்போது அந்த நெருக்கடிக்கு ஏங்குகிறேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வேலை, கல்யாணம் என்று கிளம்பினார்கள். நானும் கிளம்பினேன். மொட்டை மாடியில் இன்னொரு வீடு எழும்பியதில் வெயிலும் போயிற்று. ஏசி மட்டும் அதே இரண்டு டன். போட்டதும் குளிரும், உடனே நிற்கும், அறை நசநசவென்று கிடக்கும். அந்த ஈரத்தில் அக்காவுக்கு இழுப்பு அதிகமானது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்ன மனுஷன் சொந்த வீட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குக் கோபமாக வரும்.

போன மாதம் அந்த ஏசி ஒருவழியாக மண்டையைப் போட்டது. நான் போனபோது அத்தான் டேப்பும் கையுமாக நின்றார்.

"அதே ரெண்டு டன்தான், மச்சான்."

கட்டிலில் இருந்த அக்கா இருமலை அடக்கிக்கொண்டு கேட்டாள். "எத்தனை பேருக்கு?"

"ஆறு."

"யாரு யாரு எங்க படுக்கிறாங்க, காட்டுங்க."

"பெரியவ ஜன்னலோரம். பசங்க ரெண்டு பேரும் இங்க..." நீட்டிய கை அப்படியே நின்றது.

"இல்லாதவங்களுக்கெல்லாம் குளிர் போட்டு, இருக்கிறவள இரும விடுறீங்களே," என்றாள் அக்கா. "எனக்கு மூச்சு வேணுங்க."

அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சின்னதா வாங்கிட்டா... எல்லாரும் வந்தா பத்தாதேம்மா."

"வந்தா வேர்க்கட்டும். வந்தாங்கன்னா போதும்."

அவர் டேப்பைச் சுருட்டி வைத்தார். பிறகு கடைக்குப் போன் செய்தார்.

"ஒரு டன் ஒண்ணு அனுப்புப்பா. ஆமா, என் வீட்டுக்குத்தான்." அந்தப் பக்கம் இருந்தவர் ஆச்சரியப்பட்டு ஏதோ கேட்டிருக்க வேண்டும். அத்தான் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இல்லப்பா, சரியாத்தான் சொல்றேன். ரெண்டு பேருதான். நானும் அவளும்."