மரப்பிடி போட்டதை எடு

எனக்கு வயது எண்பத்துநாலு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதை எழுதுகிறாள். எழுத்துத் தெரியாதே தவிர மரம் தெரியும். கிணற்றடிக் கொட்டிலில் சாத்தியிருக்கும் மண்வெட்டியின் பூவரசம்பிடி நாற்பது வருடத்துக்கு முன்னர் நான் தெரிந்தெடுத்தது. இன்னும் ஆடவில்லை.

எங்கள் பக்கம் செம்மண். வெங்காயப் பாத்தி கொத்துகிறவனுக்குப் பிடி சரியில்லையென்றால் வெயில் ஏற முதலே உள்ளங்கை கொப்புளித்துவிடும். பிடியை இரண்டு விரலின் மேல் கிடத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவ வேண்டும். நார் ஓடும் திசை கைக்குத் தெரியும். மானிப்பாய்ச் சந்தையில் பிடி வாங்கி வருகிற ஆண்கள்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் மண்வெட்டியில் இறுக்குவார்கள். எனக்கு அதில் பெருமை. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என் மூன்றாவது மகனுக்கு எதையும் தானாகத் தெரிந்தெடுக்க வராது. தீபாவளிக்கு இரண்டு சட்டையைக் காட்டினால் இரண்டையும் என் மடியில் போட்டுவிட்டு நிற்பான். நான் தொட்டதைப் போடுவான். ஊர்ப் பெடியள் ஒவ்வொருவராக ஆயுத இயக்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், இருபது வயதில், அவனும் சொல்லாமல் போனான். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கூட்டாளி ஒருவனோடு சைக்கிளில் வந்து இறங்கினான். சைக்கிளின் பாரோடு சேர்த்துச் சாக்கால் சுற்றிய நீட்டுச் சாமான் ஒன்று கட்டியிருந்தது.

சாக்கை விரித்தான். உள்ளே சுடுகிற துவக்குகள் இரண்டு. இரண்டையும் தூக்கி, வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த என் மடியில் வைத்தான்.

"அம்மா, ஆளுக்கு ஒண்டு. எனக்குத்தான் முதல் எடுக்கச் சொன்னவை. இது எஸ்.எல்.ஆர், மற்றது ஜி-திறீ. எது நல்லதெண்டு ஒருக்காப் பாருங்கோ."

கூட்டாளி சிரித்தான். "டேய், உன்ரை அம்மா உன்னை வெங்காயம் கொத்தவோ அனுப்பப் போறா?"

"சும்மா இரு தம்பி. உனக்கு இது விளங்காது" என்றேன்.

அழவேண்டிய நேரம் அது. திட்டவேண்டிய நேரம். ஆனால் சாமான் கையில் வந்ததும் என் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டு விரலில் கிடத்திப் பார்த்தேன். ஒன்றுக்குக் கறுப்புப் பிளாஸ்ரிக் பிடி. தட்டினால் வெறும் டப்பாச் சத்தம். எஸ்.எல்.ஆருக்கு மரப்பிடி, எண்ணெய் ஊறி, நார் நேராக ஓடிய மரம். நீளம்தான், பாரமும்தான். ஆனாலும் மரம் கையை விடாது என்று எனக்குத் தெரியும்.

"மரப்பிடி போட்டதை எடு" என்றேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எடுத்தான். இரண்டாம் தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டான். வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றான். இன்னும் ஏதோ கேட்க நிற்கிறான் என்று நினைத்து, "மழையிலை நனைய விடாதை, மரம் ஊதிப்போம்" என்றேன்.

"ஓம் அம்மா. போயிட்டு வாறன்."

ஏழு மாதத்தில் செய்தி வந்தது. உடம்பு வரவில்லை.

இத்தனை வருடமும் அந்தத் துவக்கின் பாரத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உயரம் குறைந்த பிள்ளை, நீட்டுத் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் போயிருக்கும், மற்றதைச் சொல்லியிருந்தால் வந்திருப்பான் என்று. போன மாதம் அந்தக் கூட்டாளி கனடாவிலிருந்து வந்தான். தலை முழுக்க வெள்ளை. தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு நேரே கேட்டேன்.

"துவக்கிலை ஒரு பிழையும் இல்லை அம்மா. செல் வந்து விழுந்து வெடிச்சது. கையிலை எது இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். கோப்பையை வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்டைக்கு இஞ்சை வாற வழியிலை உங்கடை மகன் ஒண்டு சொன்னவன். அம்மா ரெண்டையும் தூக்கிக் கிணத்துக்கை போட்டாவெண்டால் நான் வீட்டிலையே நிண்டிடுவன் எண்டு. நான்தான் நக்கலடிச்சனான்."

நான் அழவில்லை. எது நல்லது என்று மகன் உண்மையில் கேட்கவே இல்லை. போகவா, நிற்கவா என்று கேட்டிருக்கிறான். சட்டையைப் போல இரண்டையும் மடியில் போட்டுவிட்டு நின்றிருக்கிறான். நான் மரத்தைப் பார்த்தேன், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. படலையடியில் அவ்வளவு நேரம் நின்றவனிடமும் மரத்தைப் பற்றித்தான் கதைத்தேன். ஊரே மெச்சிய கை இது. இதை இப்போது மடியில் வைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்றுக் கொட்டிலுக்குப் போய் அந்த மண்வெட்டியை எடுத்தேன். பூவரசம்பிடியை இரண்டு விரலில் கிடத்தினேன். பிடி இப்போதும் சாயவில்லை. கிணற்றுக்கட்டு வரை கொண்டுபோனேன். பிறகு திரும்பக் கொண்டுவந்து சாத்திவிட்டேன். இனிக் கிணற்றில் போட்டு என்ன?

பிள்ளை, எழுதினது காணும், பேனையை வை. முதலிலையிருந்து ஒருக்கா வாசி. நான் "எடு" எண்டு சொன்ன இடம் வரேக்கை குரலைக் குறைக்காதை. எனக்குக் கேக்கவேணும்.