மேலிருந்து இரண்டாவது தட்டு

போன திங்கட்கிழமை மாரிகுப்பம் ஸ்டேஷனில் டில்லிபாபுவைப் பார்த்தேன். பெங்களூர் போகும் காலை வண்டி. அயர்ன் செய்த சட்டை, தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ்... வழக்கமாக வேலைக்குக் கிளம்புகிற கோலம்.

ஒரே ஒரு சிக்கல். அவருக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகிறது.

"இன்னா பாபு, எங்க கெளம்பிட்ட?" என்றேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வூட்ல இன்னும் சொல்லலண்ணா. டெய்லி வந்து ஏறிடறேன். பெங்களூர்ல நாலு எடத்துல வேலை கேட்டுட்டு, சாயங்காலம் இதே வண்டில திரும்பிடறேன்."

நானும் அதே வண்டியில் ஏறினேன். அவர் வேலை போன கதையைச் சொல்கிறேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்தின் ஐ.டி. தலைவன். பாபு எங்கள் சர்வர் ரூமில் கான்ட்ராக்ட் ஆள். நான் சொல்லித்தான் அந்த கான்ட்ராக்டர் அவரை எடுத்தார். நான் நந்திதுர்க், அவர் மாரிகுப்பம், இரண்டும் கோலார் தங்கவயல்தான்... ஊர்ப் பாசம்!

சர்வர், ஸ்டோரேஜ் எல்லாம் நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பில் எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. அந்தப் பெட்டிகளை விற்க கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டி இருக்கிறதே — சம்பந்திச் சண்டை தோற்றது!

"சுத்தற டிஸ்க்கெல்லாம் போன தலைமுறை சார், இனி முழுக்க ஃபிளாஷ்தான்" என்பார் ஒருவர். "வாங்கவே வேணாம் சார், மாச வாடகைக்கு எடுத்துக்கங்க" என்பார் அடுத்தவர். எல்லோரும் கடைசியில் ஒரே பூச்சாண்டியைக் காட்டுவார்கள்: "ஏ.ஐ. வருது சார்... உங்க பெட்டி தாங்காது."

எங்கள் பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கம்பெனி சப்போர்ட் கட்டணத்தை ஏற்றியது. இதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிற அளவுக்கு ஏற்றியது. நானும் புதுக் கம்பெனிக்குச் சாய்ந்தேன். ஸ்டார் ஹோட்டல் பிரியாணி அதற்குக் காரணமில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு டேட்டாவை மாற்றிக்கொண்டிருந்தோம். பாதியில் பழைய பெட்டியில் ஒரு டிஸ்க் செத்தது. போனில் நான்கு பேர் — பழைய கம்பெனி என்ஜினீயர், புதுக் கம்பெனி என்ஜினீயர், வீட்டிலிருந்து நான், சர்வர் ரூமில் பெட்டி முன்னால் நின்ற பாபு.

"உங்க பெட்டி ஓட்டை" என்றார் புதியவர். "உங்க சாஃப்ட்வேர் போட்டு அழுத்தினா எந்தப் பெட்டிதான் தாங்கும்?" என்றார் பழையவர். நடுவில், "ரெண்டாவது தட்டு, ஏழாவது டிஸ்க். அதை எடுத்துட்டு வேற போடுங்க" என்று பாபுவிடம் சொல்லிவிட்டு பழையவர் மறுபடி சண்டைக்குப் போய்விட்டார்.

செத்த டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. பாபு நிதானமான ஆள். கேட்டார்.

"சார், ரெண்டாவது தட்டுன்னா மேலேர்ந்தா, கீழேர்ந்தா?"

அந்த இருவரும் ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை கேட்டார். சண்டை ஓயவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மேலேர்ந்துதான் பாபு! அதுல இன்னா சந்தேகம்? இழு" என்றேன்.

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் லெவல் என்றால் தரையிலிருந்து கீழே போகப் போக எண்ணிக்கை ஏறும். முதல் லெவல் மேலே, ஆழத்தில் இருப்பதெல்லாம் பெரிய நம்பர். கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு வேறு மாதிரி எண்ண வராது. அந்தப் பழைய கம்பெனியோ கீழிருந்து எண்ணுகிற கம்பெனி. எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை.

பாபு இழுத்தது நல்ல டிஸ்க். பதறிப்போய்த் திரும்பச் செருகினார். ஒரு டிஸ்க் போனால் அந்தப் பெட்டி தாங்கும். இரண்டு போனால் தாங்காது. படுத்துவிட்டது.

பேக்கப் இருந்தது... பத்து நாள் பழசு. அந்தப் பத்து நாளில் ஸ்கேன் எடுத்தவர்கள் திரும்ப வந்து வரிசையில் நின்றார்கள். சில ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. வயதான ஒருவர் ஸ்கேன் ரூம் வாசலில், "நேத்துதானேம்மா எடுத்தீங்க" என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேறு வழியாகப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங். பழைய கம்பெனிக்குக் கெட்ட பேர் இல்லாமல் கழன்றுகொள்ள வேண்டும். புதுக் கம்பெனிக்கு ஆர்டர் நிற்கக் கூடாது. எனக்கு நாற்காலி போகக் கூடாது. ஆறு மாதமாக எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் மூன்று தரப்பும் பத்தே நிமிடத்தில் ஒத்துப்போனோம். காரணம்: மனிதத் தவறு.

பாபுவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓரத்து நாற்காலி. ஒரே ஒரு கேள்வி.

"டிஸ்க்கை இழுத்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அன்று சாயங்காலமே அவருடைய ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி டேட்டாவை அழித்த ஆள் என்று கான்ட்ராக்டர்கள் வட்டாரத்தில் பெயர் பரவிவிட்டதாம். எந்த சர்வர் ரூமிலும் இப்போது உள்ளே விடுவதில்லை.

இத்தனையும் மனசில் ஓட, வண்டியில் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் தாங்க முடியவில்லை.

"பாபு... அன்னிக்கி மேலேர்ந்துன்னு சொன்னது நான்தாம்பா."

"தெரியும்ண்ணா. உங்க கொரலு எனக்குத் தெரியாதா?"

"அப்ப மீட்டிங்ல ஏன் சொல்லல?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்லுவீங்கன்னு உக்காந்துக்கினு இருந்தேன்ண்ணா."

பெங்களூரில் இறங்கி, "வரேன்ண்ணா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு கூட்டத்தில் போனார்.

ஆபீஸுக்குப் போனதும் மேனேஜ்மெண்டுக்கு ஒரு மெயில் எழுதினேன். தவறு என்னுடையது, பாபு இரண்டு தடவை கேட்டார், நான்தான் தப்பாகச் சொன்னேன் — எல்லாம் எழுதினேன். எழுத்துப்பிழை பார்த்தேன். கடைசியில் என் பெயர், பதவி, போன் நம்பர் வரை சரியாக இருந்தது. நான்கு நாளாக டிராஃப்ட்டில் கிடக்கிறது.

இந்தப் பத்தியை மட்டும் பத்திரிகைக்கு உடனே அனுப்பிவிட்டேன். இதைத்தான் நான் புனைபெயரில் எழுதுகிறேனே!