டோரிகா டீச்சரின் சிப்பிகளைத் தின்றவர்கள்

டோரிகா எனக்கு எந்த வழியில் உறவு என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். என் பெரியப்பா மகள் அசெனாதாவை மேற்குக் கரையில் கட்டிக்கொடுத்தோம். அசெனாதாவின் மூன்றாவது மகள் மெரெசெய்னி. மெரெசெய்னிக்கும் தச்சன் பேனிக்கும் பிறந்த பிள்ளைகளில் நடுவில் உள்ளவள் டோரிகா. ஆக, எனக்குப் பேத்தி முறை. அவள் பிறந்த வருஷம் புயல் எங்கள் நுகுதமு ஊர்த் தேவாலயத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தீவில் போட்டது. அது புயலின் வேலையா, அவள் பிறந்த ராசியா என்று நாங்கள் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

சிறு வயதிலேயே அவளுக்குக் கேள்வி கேட்கும் நோய் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, திமிங்கிலத்தின் வயிற்றில் கிடந்த யோனாவுக்கு மூச்சுவிடக் காற்று எங்கிருந்து வந்தது என்று எழுந்து நின்று கேட்டுவிட்டாள். போதகர் தண்ணீர் குடித்தார், வேதாகமத்தைப் புரட்டினார், பிறகு பிரசங்கத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்டார். மெரெசெய்னி மகளின் காதைத் திருகினாள். அடுப்புக் குழியில் கிழங்கு கருகாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மற்றப் பெண்கள் எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள்.

தலைநகர் சுவாவுக்குப் போய்ப் படித்து, எங்கள் தீவின் உயர்நிலைப் பள்ளிக்கே அறிவியல் டீச்சராகத் திரும்பி வந்தாள். தலைமையாசிரியர் வில்லிகேசா கரும்பலகை மனிதர். கடல் நீரில் உப்பு உண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். டோரிகா வந்த முதல் வாரமே ஓர் ஆக்டோபஸை வாளியில் கொண்டுவந்தாள். அது வாளியில் இருக்கவில்லை. வில்லிகேசா தன் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார்.

"மிஸ் டோரிகா, இது என்ன?"

"ஆக்டோபஸ் சார்."

"அது எனக்கும் தெரியும். என் நாற்காலில ஏன் வெச்சீங்க?"

"நான் வைக்கல சார். அதுவா தேடிப் போயிருக்கு. அதுக்கு அறிவு ஜாஸ்தின்னு பாடத்துலயே இருக்கு."

பிள்ளைகள் அந்தப் பாடத்தை மட்டும் மறக்கவில்லை.

பிறகு காமிரா வந்தது. சுவாவில் ஓர் ஆராய்ச்சிக் குழு, தண்ணீருக்குள் படம் பிடிக்கும் காமிரா ஒன்றைப் பள்ளிக்கு இரவலாகக் கொடுத்தது. பிள்ளைகள் ஓர் ஆராய்ச்சி செய்து, அதைப் படமாகவும் எடுத்து, வருஷக் கடைசியில் சுவாவில் நடக்கும் கண்காட்சியில் காட்ட வேண்டும். நடுவர்கள் சரி என்றால் காமிரா பள்ளிக்கே சொந்தம். இல்லையென்றால் அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விடும். டோரிகா அதைத் தன் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவதாக மெரெசெய்னி என்னிடம் குறைப்பட்டாள். "இவளுக்கு மாப்பிள்ளை பாக்கறதா, வேண்டாமா?" என்றாள்.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது வசுவா. கல்லோடு கல்லாகப் பவளப்பாறையில் வாயைப் பிளந்து கிடக்கும் பெருஞ்சிப்பி. உள்ளே சதை நீலமும் பச்சையுமாக மின்னும். எலுமிச்சை பிழிந்து, மிளகாய் கிள்ளிப்போட்டுப் பச்சையாகவே சாப்பிட்டால் அதன் ருசி தனி. அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது என்றும், வெயில் பட்டால் அது சிப்பிக்குச் சோறு ஆக்கிப்போடுகிறது என்றும் டோரிகா பிள்ளைகளுக்குச் சொன்னாள். அப்படியானால் ஆழம் குறைந்த, வெயில் நிறைய விழும் இடத்துச் சிப்பி சீக்கிரம் பெரிதாகுமா? அதுதான் கேள்வி. பன்னிரண்டு சிப்பிகளைத் தேர்ந்து, ஓட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டார்கள். பாதி மேட்டில், பாதி ஆழத்தில். மாசத்துக்கு ஒருமுறை அளந்து படம் பிடித்தார்கள். முங்கிப் படம் பிடித்தவள் உனைசி என்ற மாணவி. நாங்கள் நாலு வாய் பேசினால் ஒரு வாய் பேசுகிற பெண். படகு என்னுடையது, ஓட்டுவதும் நான்தான்.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெரியவர் இறந்து, அவருக்கு மரியாதையாகப் பவளப்பாறையில் கம்பு நட்டு மீன்பிடிப்பை நிறுத்தியிருந்தோம். அதனால் எங்கள் ஊரில் ஒருத்தரும் சிப்பிப் பக்கம் போகவில்லை. துக்கம் முடிந்து கம்பைப் பிடுங்குகிற அன்று விருந்து. விருந்துக்கு வாய்லோமா ஊர்க்காரர்கள் இரண்டு படகு நிறைய வந்து இறங்கினார்கள்.

வாய்லோமாவும் நாங்களும் தௌவு. ஆதியில் இரண்டு ஊருக்கும் ஒரே குலசாமி. அதனால் அவர்கள் எங்களை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்களும் அவர்களிடம் அப்படியே. கோபப்படுகிறவன் தோற்றவன். அவர்களில் பெரிய வாய் செகோவேக்கு. உடம்பும் அதற்கேற்ற உடம்பு. கரையில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன தௌவு, உங்க ஊர் நாய்ங்ககூட எங்களைப் பாத்து அழுவுது. சோறே போடறதில்லையா?"

"போட்டோம். நீங்க வர்றது தெரிஞ்சு ஒளிச்சு வெச்சுட்டோம்," என்றேன்.

மதியத்துக்குள் என் வீட்டுப் பாயும், போதகர் வீட்டுக் கோழிகளும், கடைக்காரரின் தொப்பியும் அவர்கள் படகில் ஏறிவிட்டன. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு செகோவேயும் அவன் ஆட்களும் குளிக்கப் போவதாகச் சொல்லிப் பவளப்பாறைப் பக்கம் போனார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொருவன் தோளிலும் ஒரு வசுவா. ஓட்டில் வெள்ளை எண்.

டோரிகா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையில் சோப்பு நுரையோடு எழுந்து நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் செகோவே ஒரு சிப்பியைப் பிளந்து எலுமிச்சையைப் பிழிந்துவிட்டான்.

"உங்க ஊர் மரியாதையே மரியாதை தௌவு," என்றான் மென்றுகொண்டே. "பந்திக்கு யார் யாருக்கு எதுன்னு தண்ணிக்குள்ளயே நம்பர் போட்டுப் பங்கு பிரிச்சு வெச்சிருக்கீங்களே. எங்க ஊர்ல சமைச்சப்புறம்தான் பிரிப்போம்."

விருந்தில் பங்கு வைத்துக் கூப்பிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம்தான். அவன் அப்படி நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. ஏழு சிப்பி போயிற்று. உனைசி தென்னை மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாரும் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டாள் டோரிகா.

"தேன் மாதிரி இருக்கு."

"அப்ப சரி," என்று உட்கார்ந்து பாத்திரத்தைக் கழுவினாள். அன்று அவள் தேய்த்த தேய்ப்பில் மெரெசெய்னியின் சட்டி ஒன்று ஓட்டையானது.

மறுநாள் வில்லிகேசா அவளைக் கூப்பிட்டார். கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். நானும் படகு விஷயமாக அங்கே இருந்தேன்.

"கவலைப்படாதீங்க மிஸ். வேற ஏழு சிப்பியப் புடிச்சு அதே நம்பரப் போட்ருங்க. படத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

"போன மாசம் ரெண்டு சாண் இருந்த சிப்பி இந்த மாசம் மூணு சாண் இருந்தா, சுவாக்காரங்க வந்து நம்ம என்ன தீவனம் போடறோம்னு கேப்பாங்க சார்."

"அப்ப காமிராவ விட்ரப் போறீங்களா?"

"விடமாட்டேன். பொய்யும் சொல்லமாட்டேன்," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, சனிக்கிழமை படகு வேணும். வாய்லோமாவுக்கு."

"எதுக்கும்மா?"

"ஆராய்ச்சி எங்க போச்சோ அங்கதானே போகணும்."

சனிக்கிழமை பிள்ளைகளும் அவளும் நானும் போனோம். முறைப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டையை முன்னால் வைத்து, வந்த காரியத்தை நான் சொன்னேன். தின்றவர்களைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். அவர்கள் ஊர்ப் பெரியவர் வேரைத் தொட்டு வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அதன்பிறகு டோரிகாவை யாரும் தடுக்க முடியாது. தௌவு உரிமை இரண்டு பக்கமும் வெட்டும்.

வீடு வீடாகப் போனோம். ஓடுகளை அவர்கள் எறியவில்லை. யார் எறிவார்கள்? ஒன்று பன்றித் தொட்டியாகியிருந்தது. ஒன்றில் செகோவே மனைவி சோப்பு வைத்திருந்தாள். ஒன்று காற்றில் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்து நின்றது. ஒவ்வொன்றையும் பிள்ளைகள் அளந்தார்கள். உனைசி படம் பிடித்தாள். பக்கத்தில் தின்றவனை ஓட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தார்கள். எதற்கு என்று செகோவே கேட்டான்.

"அளவு தெரியணும்ணே. சிப்பியோடதும், வயித்தோடதும்."

"வயித்த அளக்கக் கயிறு பத்தாது," என்றாள் அவன் மனைவி.

தேவாலயத்தில்தான் சிக்கல். ஒரு சிப்பியின் ஓட்டை அவர்களுடைய போதகர் ஞானஸ்நானத் தொட்டியாக்கிவிட்டார்.

"போன ஞாயிறுதான் இதுல ஒரு கொழந்தைக்குத் தண்ணி தெளிச்சேன். இதைப் போய் ஸ்கேல் வெச்சு அளக்கறதா?"

"அந்தக் கொழந்தை பேரு என்னங்கய்யா?"

"ஜோசபத்."

"ஜோசபத்தையும் படத்துல போட்டுடறோம்."

பிறகு அவரே ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார்.

ஏழாவது ஓடு கிடைக்கவில்லை. கப்பல்காரன் ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அது கிடைக்கவில்லை என்பதையும் படத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றாள் டோரிகா. கடைசியாகச் செகோவேயைக் கேட்டாள்.

"பன்னண்டு கெடந்துச்சே, ஏண்ணே இந்த ஏழு மட்டும் எடுத்தீங்க?"

"பெருசாப் பாத்துத்தான் எடுப்போம். மேட்டுல கெடந்தது ஆறும் கொழுகொழுன்னு இருந்துச்சு. ஆழத்துல ஒண்ணுதான் தேறுச்சு. மிச்சமெல்லாம் எங்க மச்சான் மூஞ்சி மாதிரி சூம்பிக் கெடந்துச்சு."

உனைசி காமிராவை இறக்கி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் உனைசியைப் பார்த்தாள். வெயில் பட்டது பெருத்ததா என்ற கேள்விக்கு அவன் சாட்சி சொல்லிவிட்டிருந்தான்.

சுவா கண்காட்சிக்கு நானும் போனேன், மருமகள் வீட்டில் தங்கலாம் என்ற சாக்கில். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் பளபளவென்று அட்டைகள் ஒட்டியிருந்தார்கள். எங்கள் மேசையில், தௌவு உரிமையில் வாய்லோமாவிலிருந்து அள்ளிவந்த ஆறு காலி ஓடுகள். ஒன்றில் சோப்பு வாசனை போகவில்லை. நடுவராக வந்த கண்ணாடி போட்ட அம்மாள் சிரிக்கிற ஜாதி இல்லை.

"பன்னிரண்டில் ஏழு போயிடுச்சு. இது தோத்துப்போன ஆராய்ச்சிதானே?"

டோரிகா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உனைசி பேசினாள். அந்தப் பெண் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"போன மாசம் வரைக்கும் எல்லாத்தையும் அளந்திருக்கோம் மேடம். போனதுல ஆறைச் செத்தப்புறம் அளந்தோம். ஒண்ணு காணோம், அதுக்குக் கணக்கு போடல. வெயில்ல இருந்ததுதான் ஜாஸ்தி வளந்துச்சு. அது வளந்துச்சுன்னா முதல்ல சொந்தக்காரங்க கண்ணுல படும்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. அடுத்த தடவ அதையும் சேத்துப்போம்."

அம்மாள் எதையோ குறித்துக்கொண்டு படத்தைப் போடச் சொன்னார். செகோவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டோடு நின்றபோது கூடத்தில் சிரிப்பு வெடித்தது. ஸ்கேல் பிடித்த போதகர் வந்தபோது அந்த அம்மாளும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரிசு வேறு பள்ளிக்குத்தான் போயிற்று. காமிரா மட்டும் எங்களிடமே தங்கியது.

தங்கிய காமிரா மேசையில் ஒரு வாரம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. பள்ளி விடுமுறை விடுகிற அன்று செகோவே வந்தான். ஆசிரியர் அறையில் டீ குடித்தான். பிறகு காமிராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா இருக்கே தௌவு. எடுத்துக்கறேன்."

வில்லிகேசாவுக்கு முகம் கருத்துவிட்டது. வாசலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். டோரிகாவின் கழுத்து நரம்பு ஒன்று துடித்ததை நான் பார்த்தேன்.

"எடுத்துக்கோங்கண்ணே," என்றாள். "ஆனா இதுக்குத் தினமும் சார்ஜ் போடணும். உப்பு போகக் கழுவணும். தெரியாம செஞ்சா செத்துப்போயிடும்."

"அதெல்லாம் யாரு செய்வா?"

"நான்தான். நானும் வர்றேன், இருங்க."

துணிப்பையை எடுத்துக்கொண்டு அவன் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். விடுமுறை முழுக்க அவர்கள் வீட்டில் தின்றாள். தினம் காலையில் வாய்லோமாப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர்களுடைய பவளப்பாறைக்குப் போய், அங்கேயும் சிப்பிகளுக்கு எண் போட்டாள். அந்த எண்கள் பந்திக்குப் பங்கு இல்லை என்று செகோவேயைக் காமிரா முன் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினாள். அவன் மனைவிக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. செகோவே எங்களுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினான். "உங்க டீச்சரக் கூட்டிட்டுப் போங்க."

நான் படகோடு போனபோது டோரிகா கரையில் தயாராக நின்றாள். கழுத்தில் காமிரா. கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் செகோவேயின் சினைப்பன்றி.

"அது எதுக்கு?" என்றான் செகோவே.

"அடுத்த பாடம் இனப்பெருக்கம்ணே. பிள்ளைங்க நேர்ல பாத்தாத்தான் புரியும்."

வாய்லோமா ஊர் முழுக்கக் கரையில் நின்று அவன் முகத்தைப் பார்த்தது. அவன் சிரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் சிரிக்க முடியும் என்பதைப் படகு பவளப்பாறையைத் தாண்டும்வரை ஊரில் உனைசிக்குக் காட்டுவதற்காக டோரிகா படம் பிடித்துக்கொண்டே வந்தாள்.