ஒட்டாமல் விட்ட ஒரு சாண்

கோவில்பட்டியில் என் மகனின் படுக்கையறைக்கு வால்பேப்பர் ஒட்ட வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பென்சில். எந்தச் சுவரையும் கட்டைவிரல் நகத்தால் வருடிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். கட்டில் போடவிருந்த சுவரில், கரிசல் மண்ணின் உபயத்தால் தரையிலிருந்து ஒரு வெடிப்பு மேலேறியிருந்தது.

“மொதல்ல வெடிப்பச் சரி பண்ணுங்க அண்ணாச்சி. இல்லன்னா கட்டில எதிர்த்தாப்ல போடுங்க.”

போனில் நான் சேமித்திருந்த, ராக்கெட் வால்பேப்பர் ஒட்டிய அறையின் படத்தை நீட்டினேன். “எனக்கு இதே மாதிரி வேணும். ராக்கெட்டுக்குக் கீழதான் கட்டில். நீங்க மறைச்சு ஒட்டுங்க, போதும்.”

ஒட்டிவிட்டுப் போனார். பிறகு கட்டிலைச் சுவரோடு சேர்க்கும்போதுதான் பார்த்தேன். தலைமாடு மறைக்கும் இடத்தில் ஒரு சாண் ஒட்டாமல் விட்டிருந்தார். அங்கே வெடிப்பின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு. உடனே போனில் கூப்பிட்டு, அரைகுறை வேலை என்று கத்தினேன்.

“வெடிப்பு கோட்டத் தாண்டுதான்னு பாக்கணும்லா அண்ணாச்சி. தம்பி அங்கனதான தல வைக்கப் போறான்” என்றார், சாதாரணமாக.

அன்றே கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டேன். இப்போது அந்த ஒரு சாண் வெளியே தெரிகிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். ஒட்ட வந்தவர் சரியாகச் செய்யவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.